பானை ஓட்டில் உப்பு, பொருக்கு, உதிர்வு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

அகழ்குழியிலிருந்து வரும் ஓடுகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் இங்கே அறிகுறி வாரியாக உள்ளன. ஒவ்வொரு அறிகுறியிலும் எளிய காரணம் முதலில் வரும், செலவும் ஆபத்தும் கூடியது கடைசியில் வரும். உங்கள் ஓட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். போகுமுன் இரண்டு வேலை: ஓட்டை இரு பக்கமும் படம் எடுங்கள். குழி எண்ணும் அடுக்கு எண்ணும் உள்ள சீட்டு ஓட்டோடு இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியில் போடும் ஓட்டுக்குக் காகிதச் சீட்டு உதவாது. பிளாஸ்டிக் வில்லையில் பென்சிலால் எழுதிக் கட்டுங்கள்.

தொட்டிக்கே போகக்கூடாத ஓடுகள்

உள்பக்கம் கரியோ பிசுக்கோ ஒட்டியிருக்கும் ஓட்டைக் கழுவாதீர்கள். பானையில் என்ன சமைத்தார்கள், என்ன வைத்தார்கள் என்று ஆய்வகம் சொல்வது அந்தப் படிவையும் ஓட்டில் ஊறியிருக்கும் கொழுப்பையும் வைத்துத்தான். வெறுங்கையால் தொடாமல் அலுமினியத் தாளில் சுற்றித் தனியே வையுங்கள். பிளாஸ்டிக் பை நேராகப் படக்கூடாது, அதிலிருந்து வரும் சேர்மங்கள் முடிவைக் கெடுக்கும். வெப்ப ஒளிர்வுக் காலக்கணிப்புக்கு (ஓடு எப்போது சுடப்பட்டது என்று கணக்கிடும் சோதனைக்கு) போகும் ஓடு வெளிச்சம் படாமல், சுற்றியிருந்த மண்ணோடு, ஒளி புகாத பையில் போக வேண்டும். மையால் எழுதிய ஓடு, சுட்ட பிறகு வண்ணம் தீட்டிய ஓடு, பொன் பூச்சு உள்ள ஓடு ஆகியவற்றை வல்லுநர் பார்க்கும்வரை மண்ணோடு விட்டுவிடுங்கள். கீறல் குறி உள்ளவற்றைக் கழுவலாம். ஆனால் கீறலுக்குள் இருக்கும் மண்ணை ஊசியால் குத்தி எடுக்கக்கூடாது. ஊசி போட்ட கோடு எது, பழைய கோடு எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அறிகுறி 1: தண்ணீர் பட்டதும் ஓடு குழைகிறது, ஓரம் கரைகிறது

*ஒட்டிய மண்தான் கரைகிறதா?* பெரும்பாலும் அதுதான். உடைந்த ஓரத்தை ஈர பிரஷால் துடைத்துவிட்டு, அங்கே கட்டைவிரலால் ஒருமுறை தேயுங்கள். விரலில் ஓட்டின் நிறத்திலேயே குழம்பு வந்தால் கரைவது ஓடு. நீரில் போட்டதும் குமிழி வருவது கோளாறு இல்லை. நுண்துளைகளில் இருந்த காற்று வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

*சூளையில் சரியாக வேகாத ஓடா?* குறைந்த சூட்டில் சுட்டது நீரில் மறுபடி களிமண்ணை நோக்கித் திரும்பும். அலங்காரம் எதுவும் இல்லாத ஒரு சிறு சில்லை 10 நிமிடம் நீரில் வையுங்கள். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் தொட்டியில் போடாதீர்கள். நிழலில் மெதுவாக உலர்த்தி, மென்மையான பிரஷாலும் மூங்கில் குச்சியாலும் உலர்நிலையிலேயே மண்ணை எடுங்கள்.

*நல்ல ஓடுதான், ஊறியது அதிகமா?* கழுவுவதற்கு ஊறவைக்கத் தேவையில்லை. நனைத்து, துலக்கி, அலசி எடுக்க வேண்டியதுதான். வாளியில் இரவு முழுக்க விட்டால் நல்ல ஓட்டின் பூச்சும் இளகும். ஒரு சல்லடையில் வைத்துக் கழுவினால், கழன்ற சில்லு அடியில் சிக்கும். கலங்கிய நீரை மாற்றாமல் தொடர்ந்தால் அதிலுள்ள மணல் துகள்களே மேற்பரப்பைக் கீறும்.

*வல்லுநரை எப்போது கூப்பிடுவது?* முழுப் பானையே இப்படி இளகியிருந்தால். அதை மண்ணிலிருந்து தூக்குவதற்கு முன்பே கூப்பிட வேண்டும்.

அறிகுறி 2: மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறது

ஓடுகளுக்கு நேரும் கேடுகளில் பல இங்கேதான் நடக்கின்றன. வெள்ளை என்றால் சுண்ணாம்பு, சுண்ணாம்பு என்றால் அமிலம் என்று கை தானாகப் போய்விடும். வெள்ளை ஐந்து வகை. அமிலம் கேட்பது அதில் ஒன்றே ஒன்று, அதுவும் எப்போதும் இல்லை. முதலில் உருப்பெருக்கியில் பாருங்கள், பிறகு ஒரு துளி நீர், அதற்கும் பிறகுதான் ஒரு துளி அமிலம்.

2அ. பஞ்சு போல, இழை இழையாக இருக்கிறது, துடைத்தால் எளிதில் வருகிறது

பூஞ்சை. முழுக்க உலராத ஓட்டைப் பையில் கட்டியதால் வந்தது. பையைத் திறந்து, காற்றோட்டத்தில் உலர்த்தி, 70 சதவீத எத்தனால் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுங்கள். முகக்கவசம் கட்டாயம். ஓடு உலர்ந்ததா என்று பார்க்க: தெளிவான பையில் ஒன்றிரண்டை மூடி இரவு வையுங்கள். காலையில் பையின் உள்பக்கம் பனித்திருந்தால் இன்னும் உலரவில்லை. உலர்ந்த பிறகும் பையில் நாலைந்து துளை போட்டே கட்டுங்கள்.

2ஆ. உலர்ந்த சில நாளில் பூத்தது, ஒரு துளி நீரில் கரைந்து மறைகிறது

உப்பு பூத்திருக்கிறது. மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு, நைட்ரேட் உப்புகள் நீரோடு மேற்பரப்புக்கு வந்து படிகமாகின்றன. துடைத்தால் போய்விடும், ஆனால் உள்ளே இருப்பது அடுத்த ஈரப்பதத்தில் மறுபடி வரும். ஒவ்வொரு முறை கரைந்து உறையும்போதும் படிகம் மேற்பரப்பைக் கொஞ்சம் தள்ளும். செதில் உதிர்வது அதனால்தான். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது கரைந்து, கீழே இறங்கும்போது உறைகிறது. அந்தக் கோட்டை மேலும் கீழும் கடந்துகொண்டே இருக்கும் அறையில்தான் ஓடு வேகமாக அழியும்.

உப்பை எடுப்பது இப்படி:

1. மேற்பரப்பு உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். செதில் ஆடினால் முதலில் அறிகுறி 3இன் கடைசிப் பகுதிக்குப் போய் உறுதிப்படுத்திவிட்டு வாருங்கள்.
2. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், ஓட்டின் கன அளவைப் போல் 5 மடங்காவது நீர் எடுங்கள். குழாய் நீரில் உப்பு குறைவென்றால் முதல் ஓரிரு முறைக்கு அதுவே போதும். பிறகு அயனி நீக்கிய நீர், அதாவது கரைந்த உப்புகளை எடுத்துவிட்ட நீர்.
3. ஓட்டை வலைப்பையில் போட்டு, அடியில் படாமல் தூக்கி வையுங்கள். உப்பு கரைந்த நீர் கனமானது, கீழே தங்கும்.
4. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, நீரைக் கலக்கிக் கடத்துத்திறன் மீட்டரில் (நீரில் உப்பு கூடினால் இதன் அளவும் கூடும்) அளந்து, குறித்துக்கொண்டு, நீரை மாற்றுங்கள்.
5. அளவு முதலில் மளமளவென்று இறங்கும், பிறகு தட்டையாகும். உதாரணத்துக்கு 900, 400, 180, 90, 60, 58 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. என்று வந்தால் கடைசி இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அங்கே நிறுத்தலாம். மெல்லிய ஓட்டுக்கு ஒரு வாரம், தடித்த ஓட்டுக்குச் சில வாரம் ஆகும்.
6. கம்பிவலைத் தட்டில், நிழலில் உலர்த்துங்கள். வெயிலோ சூடான காற்றோ வேண்டாம்.

மீட்டர் இல்லையென்றால் வெள்ளி நைட்ரேட் சோதனை. தொட்டி நீரில் 10 மி.லி. சோதனைக் குழாயில் எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் இரண்டு மூன்று துளி, பிறகு 100 மி.லி. நீரில் 1.7 கிராம் கரைத்த வெள்ளி நைட்ரேட் இரண்டு மூன்று துளி. பால் போல் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. குழாய் நீரே கலங்கக்கூடும் என்பதால் ஓடு படாத நீரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இந்தச் சோதனை நைட்ரேட்டையும் சல்பேட்டையும் காட்டாது. மீட்டர் வாங்க முடிந்தால் வாங்கிவிடுவதே நல்லது. எடுத்த மாதிரி நீரை மறுபடி தொட்டியில் ஊற்றாதீர்கள். வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் கறுக்கும், கையுறை போடுங்கள்.

*அளவு இறங்கவே இல்லையா?* ஒரே தொட்டியில் உப்பு அதிகமுள்ள ஓடும் குறைவானதும் கலந்திருக்கலாம், பிரித்துப் போடுங்கள். நீரில் பாசி வழவழப்பு இருந்தால் பெட்டியைக் கழுவி இருட்டில் வையுங்கள். அதற்கும் இறங்காவிட்டால் ஓட்டுடம்பே மெல்லக் கரைகிறது என்று எடுத்துக்கொண்டு வெளியே எடுங்கள்.

*ஊறவைக்க முடியாத ஓடா?* வண்ணம் உள்ளது, வேகாதது, பெரிய ஒட்டுவேலை செய்தது எல்லாம் இதில் அடங்கும். மெல்லிய திசுத்தாளை மேலே விரித்து, அயனி நீக்கிய நீரில் குழைத்த காகிதக்கூழை அப்பி, ஏறக்குறைய காய்ந்ததும் எடுத்து, புதுக்கூழ் வைக்கும் முறை உண்டு. சாதாரண ஓட்டில் நீங்களே செய்யலாம். வண்ண ஓட்டில் வல்லுநர் செய்யட்டும். அதுவரை மூடிய பெட்டியில் சிலிகா ஜெல் வைத்து ஈரப்பதம் ஏறி இறங்காமல் காத்தால் கேடு நின்றுவிடும்.

2இ. கெட்டியான பொருக்கு, நீரில் கரையவில்லை, அமிலத் துளியில் பொங்குகிறது

சுண்ணாம்புக் கார்பனேட். 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி பொருக்கின் மேல் விட்டால் நுரை வரும். அதோடு நிற்காமல், அதே வகையைச் சேர்ந்த உதவாத சில்லின் உடைந்த ஓரத்திலும் ஒரு துளி விடுங்கள். அங்கும் பொங்கினால் ஓட்டுடம்பிலேயே சுண்ணாம்புக் கல்லோ சிப்பித்தூளோ கலந்திருக்கிறது. அமிலம் பொருக்கையும் பானையையும் வேறுபடுத்திப் பார்க்காது, அந்த ஓட்டுக்கு அமிலம் முழுத்தடை. பளபளப்புப் படிகப்பூச்சு உள்ளதற்கும், இரும்புச் சிவப்பு வண்ணம் உள்ளதற்கும் அதே தடை.

அதற்கு முன் ஒரு கேள்வி: இந்தப் பொருக்கை எடுத்தே ஆக வேண்டுமா? அலங்காரத்தையோ குறியையோ மறைத்தால், ஒட்டும் ஓரத்தில் இருந்தால், எடுக்கலாம். வெறும் பானையுடம்பில் மெல்லிசாக இருந்தால் அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

எடுப்பதென்றால் முதலில் கத்திதான். ஓட்டை நனைத்து, ஸ்கால்பெல் முனையைப் படுக்கையாகப் பிடித்து, உடைந்த ஓரத்திலிருந்து உள்நோக்கி அரிசியளவு இடமாகத் தெறிக்க விடுங்கள். பூச்சின் நிறம் மங்கலாகத் தெரியத் தொடங்கியதும் கத்தியை வைத்துவிட வேண்டும். மிஞ்சிய மென்படலத்துக்கு மட்டும் அமிலம்.

ஓட்டை ஒரு மணி நேரமாவது நீரில் ஊற வையுங்கள். துளைகளில் நீர் நிறைந்திருந்தால் அமிலம் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். காய்ந்த ஓட்டில் விட்டால் உறிஞ்சிக்கொண்டுவிடும், பிறகு அதை வெளியே எடுப்பதே தனி வேலை. சொட்டுக்குழாயால் 5 சதவீத அமிலத்தைப் பொருக்கில் மட்டும் விட்டு, நுரை அடங்கியதும் பஞ்சால் ஒற்றி, நீரில் அலசி, தேவைப்பட்டால் மறுபடி. முழு ஓட்டையும் அமிலத்தில் முக்குவது எந்த நிலையிலும் கிடையாது. முடிந்ததும் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாள் குழாய் நீரின் நிறத்தையே காட்டும்வரை அலசி, பிறகு 2ஆவில் சொன்ன உப்பு நீக்கத்தை முழுதாகச் செய்யுங்கள். பொருக்கும் அமிலமும் சேர்ந்து உண்டாக்கும் கால்சியம் குளோரைடு ஈரத்தை இழுக்கும் உப்பு. இந்தப் படியை விட்டவர்களின் ஓடுகள்தான் அடுத்த மழைக்காலத்தில் பிசுபிசுத்து உதிர்கின்றன.

அமிலம் கலக்கும்போது நீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் தெறிக்கும். ப்ளீச்சிங் திரவம் இருக்கும் மேசையில் இந்த வேலை கூடாது, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

2ஈ. கெட்டி, நீரிலும் கரையாது, அமிலத்திலும் பொங்காது

ஜிப்சமாகவோ சிலிகாவாகவோ இருக்கும். இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் இல்லை. நகத்தால் கீற முடிந்தால் ஜிப்சம், நனைத்துக் கத்தியால் மெதுவாக எடுத்துப் பார்க்கலாம். கீற முடியாவிட்டால் பெரும்பாலும் சிலிகா, அது ஓட்டைவிடக் கடினம். விட்டுவிடுங்கள், அல்லது வல்லுநரிடம் கொடுங்கள்.

2உ. குழியிலிருந்து வந்தபோது இல்லை, பின்னால் வந்தது

அலமாரியைப் பாருங்கள். மரப்பலகை, குறிப்பாக ஓக் மரமும் சிலவகை ஒட்டுப்பலகையும், அசிட்டிக் அமில ஆவியை விடும். அது ஓட்டிலுள்ள சுண்ணாம்போடும் குளோரைடோடும் சேர்ந்து பட்டுநூல் போன்ற வெள்ளைப் படிகங்களாக வளரும். ஓட்டைக் கழுவி அதே மரப்பெட்டியில் வைத்தால் திரும்ப வரும், பெட்டியை மாற்றுங்கள். வினிகரால் துடைத்த ஓட்டிலும் இதே வகை உப்பு வரும்.

செதிலை உறுதிப்படுத்தும் கரைசல் (அறிகுறி 3இல் வருகிறது) பூசிய சில நிமிடத்தில் வெண்மை படர்ந்தால் அது உப்பே இல்லை. அசிட்டோன் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் நீராகப் படிகிறது. ஈரம் குறைந்த நேரத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சை லேசாக உருட்டினால் தெளியும்.

அறிகுறி 3: மண்ணோடு சேர்ந்து பூச்சும் வருகிறது, செதில் உதிர்கிறது

*மண் காய்ந்துவிட்டதா?* களிமண் காயும்போது சுருங்கி, பூச்சைப் பிடித்து இழுக்கும். குழியில் ஈரமாக வந்த ஓட்டை அன்றே கழுவ முடியாவிட்டால் ஈரத்தோடே வைத்து மறுநாள் கழுவுங்கள். ஏற்கெனவே காய்ந்துவிட்டால், நீரும் எத்தனாலும் சமமாகக் கலந்த கலவையில் பஞ்சை நனைத்துச் சிறிது நேரம் மேலே வையுங்கள். வெறும் நீரைவிட இது வேகமாக ஊடுருவும், வேகமாகவும் காயும்.

*பிரஷ் முரடா?* நைலான் பல்துலக்கி பெரும்பாலான மெருகுக்கு அதிகம். பஞ்சு உருட்டைத் தேய்க்காமல், மேற்பரப்பில் உருட்டுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்த இடத்தில் வேலை முடிந்தது.

*உப்பா?* செதிலின் அடியில் உருப்பெருக்கியில் படிகம் மின்னினால் உப்புதான். செதிலை நிறுத்திய பிறகே 2ஆ.

செதிலை நிறுத்த பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின், 3 சதவீதம் போதும்: 100 மி.லி. அசிட்டோனில் 3 கிராம். உலர்ந்த ஓட்டில், செதிலின் விளிம்பில் மெல்லிய பிரஷாலோ சிரிஞ்சாலோ ஒரு துளி வைத்தால் தானே உள்ளே இழுக்கும். மின்னினால் அதிகமாகிவிட்டது, உடனே அசிட்டோன் பஞ்சால் ஒற்றுங்கள். ஒரு நாள் விட்டு உப்பு நீக்கத்துக்குப் போகலாம், நீர் உள்ளே போகக் கூடுதல் நாள் பிடிக்கும். ஈரமான ஓட்டில் இந்தக் கரைசல் வெளுத்து மேலேயே நின்றுவிடும். ஈரத்திலேயே நிறுத்தியாக வேண்டுமென்றால் நீரில் கலக்கும் அக்ரிலிக் குழம்பு தேவை, அதை வல்லுநரைக் கேட்டே தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி 4: இரண்டு ஓடுகள் சேருகின்றன, ஆனால் இடைவெளியோ படியோ தெரிகிறது

ஓரத்தில் மண் துகள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு மணல் துகள் அடிப்பாகத்தில் மாட்டினால் வாய்ப்பகுதி வரும்போது விரல் நுழையும் அளவு இடைவெளியாகிவிடும். ஓரத்தைத் துலக்குவதும் அளவோடுதான். அதிகம் தேய்த்தால் கூர்மை மழுங்கி, பொருந்தும் இடமே போய்விடும்.

ஓரம் சுத்தம், ஆனால் கடைசித் துண்டு நுழையவில்லை என்றால் ஒட்டிய வரிசை தப்பு. பசை தொடுவதற்கு முன் முழுப் பானையையும் காகித ஒட்டுநாடாவால் சேர்த்துப் பாருங்கள், துண்டுகளுக்கு வரிசை எண் போட்டுப் படம் எடுங்கள். அடிப்பாகத்தில் தொடங்கி மேலே போங்கள். இரண்டு பக்கமும் துண்டு நின்று நடுவில் ஒன்று மாட்டிக்கொள்ளும் நிலையை முன்பே பார்த்துவிடலாம். நாடாவை அன்றே எடுத்துவிடுங்கள், பூச்சுள்ள பக்கத்தில் ஒட்டவே வேண்டாம்.

எல்லாம் சரி, ஓடுதான் கோணியிருக்கிறது என்றால் சூளையிலேயே வளைந்திருக்கலாம், மண்ணின் பாரத்தில் நெளிந்திருக்கலாம். அழுத்திப் பொருத்தாதீர்கள். இடைவெளியை இடைவெளியாகவே விடுங்கள்.

அறிகுறி 5: ஒட்டிய இடம் விலகுகிறது, நழுவுகிறது

*சூடா?* பி-72 ஏறக்குறைய 40 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். கோடையில் தகரக் கூரை அறையிலோ மூடிய வண்டியிலோ அந்தச் சூடு எளிதில் வரும். கனமான பானைக்கு பி-72ஐ விடக் கூடிய சூட்டில் இளகும் பி-48என் அல்லது பி-44 வகையைக் கேட்டுப் பாருங்கள், அறையையும் மாற்றுங்கள்.

*ஓரம் பசையைக் குடித்துவிட்டதா?* உடைந்த முகத்தில் பசை இல்லாமல் வெறுமையாக இருந்தால் அதுதான். ஓரத்துக்கு 5 சதவீதக் கரைசலை ஒருமுறை பூசி உலரவிட்டு, பிறகு ஒட்டுங்கள்.

*பசை தடித்துவிட்டதா?* 50 கிராம் பி-72 மணிகளைத் துணியில் முடிந்து, 50 மி.லி. அசிட்டோன் உள்ள கண்ணாடிச் சாடியில் தொங்கவிட்டால் மறுநாள் ஒட்டும் பதம் வந்திருக்கும். ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாக வைத்து, சேர்த்து அழுத்தி, ஒருமுறை பிரித்து, மறுபடி சேருங்கள். மணல் தட்டில் எடை நேர்கீழே இறங்கும்படி சாய்த்து ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். சாதாரண நைட்ரைல் கையுறையையும் சீக்கிரம் ஊடுருவும், நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

எப்பாக்சியும் உடனொட்டும் பசையும் வேண்டாம். ஓடு உடைந்தால் பசையில் உடையாது, புதிய இடத்தில் உடையும். பிரித்துச் சரிசெய்வதும் கடினம்.

அறிகுறி 6: முன்பு யாரோ ஒட்டிய பசை

ஒரு ஓரத்தில் வெதுவெதுப்பான நீர் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். வீங்கி வெளுத்தால் வெள்ளைப் பசை, கரைந்து பிசுபிசுத்தால் விலங்குப் பசை. இரண்டுமில்லை என்றால் அசிட்டோன்: இளகினால் செல்லுலோஸ் நைட்ரேட்டோ அக்ரிலிக்கோ. செம்பழுப்பாக, நொறுங்கும்படி இருந்தால் அரக்கு, எத்தனால் முயலுங்கள். ஆண்டுகள் கழிந்த அரக்கு எத்தனாலுக்கும் மசியாது. மூன்றுக்கும் அசையாவிட்டால் நிறுத்துங்கள். எப்பாக்சியை வீங்கவைக்கும் கரைப்பான்கள் நச்சுத்தன்மை உள்ளவை, ஆவியுறிஞ்சி இல்லாத அறையில் அந்த வேலை கிடையாது.

அறிகுறி 7: எழுதிய எண் கலைகிறது, உரிகிறது

நகச்சாயம் போட்டு எழுதியிருந்தால் அது மஞ்சளாகி உரியும். அசிட்டோனில் எடுத்துவிட்டு, உள்பக்கத்தில், ஒட்டும் ஓரத்தைத் தவிர்த்து, 15 முதல் 20 சதவீத பி-72 சிறு பட்டையாகப் பூசி, உலர்ந்ததும் நிறமி மையால் எழுதுங்கள். மேல்பூச்சை ஒரே இழுப்பில் முடியுங்கள், இரண்டாம் முறை பிரஷ் போனால் எண் கரையும். பட்டையே ஓட்டோடு பெயர்ந்தால் குற்றம் மையில் இல்லை, அடியில் உப்பு இருக்கிறது: 2ஆ.

அறிகுறி 8: கரும் கறை

உட்பக்கக் கரி என்றால் தொடாதீர்கள், மேலே சொன்னதுதான். புகைக்கறை என்றால் அது பானை அடுப்பில் இருந்ததற்குச் சான்று, அதையும் விடுங்கள். சேற்றிலோ நீருக்கடியிலோ கிடைத்த ஓட்டில், உடைந்த ஓரத்திலும் சேர்த்து, சாம்பல் கலந்த கறுப்பு பரவியிருந்தால் இரும்பு சல்பைடாக இருக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு அதை வெளுக்கும். அது உள்ளே நுரைத்துப் பூச்சைத் தூக்கவும் செய்யும், உணவுப் படிவு இருந்தால் அதையும் அழிக்கும். கடல் ஓட்டில் உப்பு நீக்கமும் இதோடு சேரும் என்பதால், காயவிடாமல் நீரிலேயே வைத்து, அப்படியே வல்லுநரிடம் ஒப்படையுங்கள்.